பேரும் நம்பரும்

எட்டியாந்தோட்டைக்கு மேலே, மலைச்சரிவில் இறங்கி வரும் ஓர் ஓடையின் இரு கரையிலும் பரந்து கிடந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் 'பேர்' என்னும் சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் வழங்கின. தாயும் தகப்பனும் இட்டு அழைப்பது ஒன்று. ஒரு நாள் உழைப்புக்குக் கணக்கிலே விழுவது மற்றொன்று. இருட்டோடு எழுந்து மரம் மரமாகச் சரிவில் ஏறி இறங்கிப் பால் வெட்டி, வாளியைச் சுமந்து வந்து நிறுத்துக் காட்டும்போது நிறை குறையாமல் இருந்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர். சிரட்டைகளில் பால் சொட்டத் தொடங்கும் வேளை பார்த்து மழை கொட்டிவிடுவதும் அந்தப் பிரதேசத்தில் அபூர்வமன்று. அப்படிப்பட்ட நாள்களில் பெண்கள் வெறும் வாளியோடு, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி, "இன்னிக்கி நமக்குப் பேரு இல்ல" என்று சொல்லிக்கொண்டு அடுப்பு மூட்டுவார்கள்.

அந்தப் பேரைப் போடுகிறவர் என் தகப்பனார். அவர் கணக்கப்பிள்ளையாக இருந்தார். விடியுமுன் பெரட்டுக் களத்திலே ஆட்கள் வரிசையாய் நிற்க, அரிக்கன் லாந்தரின் வெளிச்சத்தில், சட்டைப்பைக்குள் அடங்கத்தக்க ஒரு நீளவாட்டுப் புத்தகத்தை விரித்து, நம்பரையும் பேரையும் சேர்த்துக் கூப்பிடுவார். அந்தப் புத்தகத்துக்குப் பொக்கட் செக்ரோல் என்று பெயர். மாலையிலே அதை ஆபீசுக்குக் கொண்டுபோக, அங்கே கிளாக்கர் அதிலுள்ளதைப் பெரிய செக்ரோலில் பெயர்த்து எழுதுவார். தகப்பனார் எழுதுவது தமிழில். கிளாக்கர் எழுதுவது இங்கிலீஷில். தகப்பனார் காதில் விழுந்தபடி எழுதுவார். கிளாக்கரோ தம் கண்ணுக்குத் தோன்றியபடி எழுதுவார். ஆகவே ஒரே மனுஷி ஒரு புத்தகத்தில் லெட்சுமியாகவும், இன்னொன்றில் எவ்வாறு உச்சரிப்பதென்று எவருக்கும் நிச்சயமில்லாத ஓர் ஆங்கில எழுத்துக்கோவையாகவும், பிறப்புப் பத்திரம் என்று ஒன்று இருந்தால் அதிலே மகாலெட்சுமியாகவும் இருப்பது சர்வ சாதாரணம். இருந்தாலும் சம்பளத்திலே தவறு வந்ததில்லை. ஏனென்றால் இரண்டு புத்தகத்திலும் நம்பர் ஒன்றே.

நம்பரிட்டு ஆளை அறிகிற வழக்கம் எங்கள் தோட்டத்துக் கண்டுபிடிப்பன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் திரட்டி அனுப்பியபோது, தகரத்தினால் செய்த ஒரு சிறு வில்லையில் எழுத்தும் எண்ணும் குத்தி, அதை ஆளின் கையில் கொடுத்துக் கப்பலேற்றுவார்களாம். அந்த அடையாளத்தைப் பார்த்து, இவன் இன்ன மாவட்டத்தில் இன்ன தோட்டத்துக்குரியவன் என்று இறங்குதுறையிலே பிரித்து அனுப்பிவிட்டு, வழிச்செலவையும் அந்தத் தோட்டத்தின் கணக்கிலேயே எழுதுவார்கள். என் பாட்டனார் அப்படித்தான் வந்தார் என்று பாட்டி சொல்வாள். அந்தத் தகரத் துண்டு வெகுகாலம் அவளுடைய சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே கிடந்தது. தேய்ந்துபோய் எண் தெரியாமற் போன பிறகும் அதை எறிய மறுத்துவிட்டாள்.

என் அத்தையின் கதையைச் சொல்லாமல் இந்த நம்பரின் மகிமையையோ அதன் வஞ்சகத்தையோ விளக்க இயலாது. தகப்பனாருக்கு நேர் இளையவர் அவர். பாட்டி குடியிருந்தது ஒரு நெடிய லயத்தில் ஒன்பதாம் காம்பரா. அத்தை வாழ்க்கைப்பட்டது அடுத்த சுவருக்கு அப்பாலுள்ள பத்தாம் காம்பராவுக்கு. கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துப் போவதற்கு மேளமும் ஊர்வலமும் வேண்டுமே என்பதற்காக லயத்தை ஒரு முறை சுற்றிவந்தார்கள் என்று சொல்லிப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பத்தாம் காம்பராக்காரர் வேறொரு கங்காணியின் ஆட்கள். ஆதலால் மறுநாள் தொட்டு அத்தை அந்தக் கங்காணியின் கீழே பெரட்டுக்குப் போனார். அதுவரை 47 ஆக இருந்தவர் அன்று முதல் 112 ஆனார். ஒரு சுவர் தாண்டியதற்கு நம்பர் மாறிற்று. 47 என்ற இலக்கம் சில மாதத்துக்குள் வேறொரு புது ஆளுக்குப் போய்விட்டது. இது நடந்தது 1943 இல்.

பின்பு 1948 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்களையெல்லாம் நாடற்றவர்களாக்கியதும், அதற்குப் பரிகாரம் போலக் காட்டி 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் என மற்றொன்று வந்ததும் எல்லாரும் அறிந்த சரித்திரம். அந்தச் சட்டத்தின்படி, 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்பு, மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இடையறாமல் இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். முதலில் விண்ணப்பிப்பதில்லை என்று பகிஷ்காரம் செய்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் பின்பு மனம் மாறியபடியால், 1951 ஆகஸ்ட் 5 என்ற கடைசித் தேதி நெருங்க நெருங்க, எழுதத் தெரிந்தவர் வீட்டு வாசலிலெல்லாம் ஜனக்கூட்டம். எங்கள் வீட்டுத் திண்ணையும் அந்த மாதங்களில் ஒரு கச்சேரி போலவே இருந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தகப்பனாரின் பழைய பொக்கட் செக்ரோல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, இன்னார் இன்ன மாதத்தில் இத்தனை பேர் வேலை செய்தார் என்று தேடி எடுத்து எழுதிக்கொடுப்பது என் பொறுப்பு.

அத்தைக்கும் நான்தான் எழுதினேன். 1939 முதல் 1943 வரை 47, அதற்கப்பால் 112. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் தோன்றவில்லை. சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இருந்தவர் என் அத்தை என்பதைவிடத் தெளிவான விஷயம் உலகத்தில் வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் விசாரணை செய்த அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அத்தை இல்லையே. அவர்களுக்கு இருந்தவை புத்தகங்கள். 47 என்பவள் ஒருத்தி, 112 என்பவள் மற்றொருத்தி, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலும் இரண்டிடத்தில் இரண்டு விதம். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் இரண்டு பேருக்கும் ஆண்டு போதவில்லை. இருவரும் ஒருவரே என்று சாட்சி சொல்ல வந்த தகப்பனாரை, நீ உடன்பிறந்தவன் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். 1943 ஆம் வருஷத்துப் புத்தகத்தில், 47 க்கு எதிரே, 'இவள் இனி 112' என்று மூன்றே சொற்கள் எழுதி வைத்திருந்தால் போதும். அது தமக்குத் தோன்றாமற் போயிற்றே என்று அவர் சாகும்வரை மனம் புழுங்கினார். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர் சார்பில் விண்ணப்பங்கள் போனதில் பிரஜாவுரிமை பெற்றவர் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு என்பதை யோசித்தால், அத்தையின் துர்ப்பாக்கியம் விசேஷமானதொன்றன்று. ஆயினும் நாங்கள் அறிந்தது ஒன்றைத்தான்.

அதன் பிறகு நடந்தவற்றை விரிப்பானேன்? 1964 அக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜனங்களை நிறுத்துப் பங்கிட்டார்கள். அத்தை தம் பிள்ளைகளோடு இந்தியாவுக்கு எழுதினார். 1972 இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்தில், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டமொன்றில் சேர்ந்தார்கள். முதல் நாலைந்து வருஷம் கடிதம் வந்தது. இதற்கிடையில் இங்கே தோட்டங்கள் அரசாங்கத்துக்கு மாறின, 1977 இல் கலகம், 1983 இல் பெருங்கலகம், நாங்கள் இடம்பெயர்ந்தோம், விலாசங்கள் போயின. நான் பள்ளி ஆசிரியனாகி இரத்தினபுரிக்கு வந்து அங்கேயே கிழவனானேன்.

தகப்பனாரின் செக்ரோல்கள் மட்டும் ஒரு ட்ரங்குப் பெட்டியில் என்னுடனேயே வந்தன. 2003 மே மாத நடுவில் களு கங்கை பெருகி இரத்தினபுரி முழுதும் வெள்ளத்தில் அமிழ்ந்தபோது, வீட்டிலே கதவளவுக்குத் தண்ணீர் நின்ற இரண்டு நாளும், அந்தப் பெட்டி பரண்மேல் இருந்து தப்பியது. அதே மாதம் 27 ஆந் தேதியில், உலகத்தின் வேறொரு மூலையில், மாட் மல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வேர்ட்பிரஸ் என்னும், வெப்சைட் அமைக்கும் கணினி மென்பொருளை முதன்முதலில் வெளியிட்டார்கள் என்பதையும், எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அந்த வருஷத்திலேயே நிறைவேறிற்று என்பதையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு ஒருவிதச் சிரிப்பு வரும். காரணகாரிய சம்பந்தம் எதுவும் இல்லைதான். கிழவனுக்குப் பஞ்சாங்கப் புத்தி.

அந்த வேர்ட்பிரஸை என் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் தங்கையின் பேரன். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு விடுமுறையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இதையெல்லாம் ஒரு வெப்சைட்டுல போடுவோங்க. யாரு யாரு எந்தத் தோட்டத்துல இருந்தாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு தேடுற மாதிரி செய்வோம்" என்றான். வேர்ட்பிரஸ் முதலில் நாட்குறிப்பு எழுதுவோருக்காக உண்டானதென்றும், 2010 ஆம் வருஷத்து மூன்றாம் பதிப்பிலிருந்து நமக்கு வேண்டிய வகையை நாமே ஏற்படுத்திக்கொள்வது எளிதாயிற்றென்றும், அதற்குக் கஸ்டம் போஸ்ட் டைப் என்று பெயரென்றும் விளக்கினான். அவன் இரண்டு வகை ஏற்படுத்தினான்: ஒன்று 'தோட்டம்', மற்றொன்று 'ஆள்'. ஆளுக்குரிய தாளிலே ஊர், கங்காணி, லயம், காம்பரா, புறப்பட்ட வருஷம் என்று பல கட்டங்கள். அக்கட்டங்களை அவன் ஃபீல்ட் என்பான். தோட்டத்தின் பக்கத்தைத் திறந்தால், எந்தெந்த ஆளின் தோட்டக் கட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதோ அவர்களை மட்டும் வடிகட்டி வரிசையாகக் காட்டவேண்டும். அவ்வளவே காரியம். ஜாதகம் இரண்டை எடுத்து வைத்துப் பொருத்தம் பார்ப்பது போலத்தானே என்றேன். "அதுல பத்துப் பொருத்தம், இதுல ஒண்ணு போதும் தாத்தா" என்றான்.

அந்த ஒரு பொருத்தம் எத்தனை பாடு படுத்தும் என்பதை இருவரும் அன்று உணரவில்லை. எங்கள் தோட்டத்துக்கு மூன்று பெயர். வெள்ளைக்காரத் தொரைமார் தங்கள் சொந்த ஊரை நினைத்து இட்ட பெயர் தபாலிலே. கிராமத்துச் சிங்களவர் அந்த மலைக்கு வழங்கிய பெயர் பஸ்ஸிலே. ஓடையோரத்துப் பெரும்பாறையைக் கொண்டு நாங்கள் வழங்கிய 'பாறையடி' என்ற பெயர் எங்கள் வாயிலே. இலங்கைத் தோட்டங்களில் பெரும்பான்மைக்கு இதே நிலைதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடித் தட்டச்சுச் செய்ததில், ஒருத்தி 'பாறையடி' என்றாள், ஒருவன் 'பாறயடி' என்றான், 'பாறடித் தோட்டம்' என்றும் 'பாறையடி கீழ்க்கணக்கு' என்றும் வந்தது; தபால் பெயரை எழுதியவர்களும் உண்டு. கட்டத்தில் உள்ளது தோட்டத்தின் பெயரோடு ஓரெழுத்தும் பிசகாமல் ஒத்திருந்தால்தான் காட்டு என்று முதலில் கட்டளையிட்டான். நூற்றுக்கணக்கான ஆட்களில் பதினோரு பேர் வந்தார்கள். சரி, அந்தச் சொல் எங்காவது ஓரிடத்தில் இருந்தாலும் போதும் என்று தளர்த்தி, 'பாற' என்று மட்டும் கொடுத்தான். பாறை என்று முடியும் பிற தோட்டங்களின் ஜனங்களெல்லாம் திரண்டு வந்துவிட்டார்கள். அந்த இருவேறு பட்டியலையும் கண்டபோது எனக்கு ஐம்பத்தோராம் வருஷத்துத் திண்ணை ஞாபகம் வந்து, எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன்.

திரும்பி வந்து, பேரை விட்டு நம்பரைப் பிடி என்று நான்தான் சொன்னேன். அது தனக்கும் தெரியும் என்பது போலத் தலையாட்டினான். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பதிவுக்கும், தோட்டமாயினும் ஆளாயினும், அதுவே ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தமும் இல்லை, வந்த வரிசை தவிர. தோட்டக் கட்டத்தில் பெயரைத் தட்டச்சுச் செய்யும் வழியை அடைத்துவிட்டு, இருக்கின்ற தோட்டங்களிலிருந்து பொறுக்கி எடுக்கும்படி மாற்றினான். உள்ளே பெயருக்குப் பதிலாக எண் பதிந்தது. ஓர் ஆள் பல தோட்டத்தில் வேலை செய்திருக்கலாமாகையால் ஒரு கட்டத்திலேயே பல எண்கள் சேரும்படியும் வைத்தான். அதிலும் ஒரு வேடிக்கை நேர்ந்தது. 12 என்ற தோட்டத்தைத் தேடினால் 112 இன் ஆட்களும் 120 இன் ஆட்களும் சேர்ந்து வந்தார்கள். ஏனெனில் அந்தக் கட்டத்தில் இருப்பது யந்திரத்துக்கு எண்ணன்று, நீண்டதோர் எழுத்துச்சரம். அதற்குள்ளே 12 எங்கு அகப்பட்டாலும் அது ஒப்புக்கொள்ளும். சரத்துக்குள் ஒவ்வோர் எண்ணும் இரு பக்கமும் மேற்கோட்குறி பெற்று நிற்கிறதென்பதைக் கண்டு, குறிகளையும் சேர்த்தே தேடச் சொன்ன பிறகுதான் 12 தனித்து நின்றது. 112 என்ற இலக்கத்தை அவன் வாயால் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்பதை அவன் அறியான்.

அர்த்தமில்லாத எண்தான் மாறாத எண் என்று நான் மகிழ்ந்திருந்தேன். தகப்பனாரின் 47 கங்காணியைப் பொறுத்தது, ஆகவே கங்காணி மாறியதும் மாறிற்று. இது எதையும் பொறுத்ததன்று, ஆகவே மாறாது என்பது என் தர்க்கம். அந்தத் தர்க்கம் நிலைத்தது இரண்டு மாதம். பையன் தன் சொந்தக் கணினியில் கட்டி முடித்ததைப் பிறகு பொதுவான ஒரு சேவையகத்துக்குப் பெயர்த்தான். அங்கே முன்பே சில பதிவுகள் இருந்தபடியால், எங்கள் தோட்டத்தின் எண்ணை வேறொன்று பிடித்துக்கொண்டிருக்க, வந்து சேர்ந்த தோட்டத்துக்கு வேர்ட்பிரஸ் புது எண் கொடுத்துவிட்டது. ஆட்களின் கட்டங்களிலோ பழைய எண்ணே இருந்தது. இதன் பலனாக எங்கள் தோட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் ஒருவரும் இல்லை; பாறையடி ஜனங்கள் அத்தனை பேரும், எங்களுக்கு ஒருவிதச் சம்பந்தமும் இல்லாத தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலே போய் நின்றார்கள். "இது ஒரு பெரிய தப்பு இல்லீங்க தாத்தா, சரிப்படுத்திடலாம்" என்று அவன் சமாதானம் சொன்னான். சுவர் தாண்டியதும் நம்பர் மாறிவிட்டதல்லவா என்று நான் கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. அன்றைக்குத்தான் அத்தையின் கதையை அவனுக்கு முழுதும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவன் செய்ததை நான் மெச்சிக்கொள்ளவே வேண்டும். தோட்டத்துக்கு வேர்ட்பிரஸ் கொடுக்கும் எண்ணையன்றி, நாங்களாகவே ஒரு குறியீடு கொடுத்து, அது எங்கே பெயர்ந்தாலும் கூடவே போகும்படி ஒரு கட்டத்தில் வைத்தான். ஆளின் தாளிலும் அதே குறியீடு. பொருத்தம் பார்ப்பது அந்த இரண்டு கட்டங்களுக்கும் இடையிலே. பழைய தகர வில்லையே திரும்பவும் வந்துவிட்டதென்று எனக்குத் தோன்றிற்று. அதன் மேல், 'முந்திய நம்பர்' என்று இன்னொரு கட்டமும் உண்டாக்கினான். ஒன்றில் மட்டும் எங்களுக்குள்ளே வாக்குவாதம். பெயர்களின் எழுத்துப்பிழைகளை எல்லாம் திருத்தி, லெட்சுமி, லெச்சுமி, லக்ஷ்மி யாவரையும் இலட்சுமியாக்கிவிட்டால் பார்க்க அழகாயிருக்கும் என்பது அவன் அபிப்பிராயம். நான் இணங்கவில்லை. எந்தப் புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், சேர்ப்பதற்குத்தான் குறியீடு இருக்கிறதே, பேரை ஏன் தொடுகிறாய் என்றேன். கிளாக்கரின் விநோதமான எழுத்துக்கூட்டலும் ஒரு மனிதர் ஒரு மாலையில் ஒரு பேரைக் கண்டு திகைத்ததன் சாட்சியம். இருபது நிமிஷம் மல்லாடிய பின் அவனே விட்டுக்கொடுத்தான்.

அதற்கு ஒரு வருஷத்துக்குப் பின், கூடலூரிலிருந்து ஒரு பெண்பிள்ளை, தன் பாட்டியைப் பற்றிய விவரங்களை எழுதியனுப்பினாள். தோட்டத்தின் பெயரை 'பாறடி' என்று எழுதியிருந்தாள். அவள் பாட்டி அப்படித்தான் சொல்வாராம். பாட்டியின் பெயர் லெச்சுமி. புறப்பட்டது 1972. லயத்தில் பத்தாம் காம்பரா. கணினிக்கு இவற்றில் ஒன்றுமே எதனோடும் பொருந்தவில்லை, பையன் அதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்து, "இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாங்க தாத்தா?" என்று கேட்டான்.

குறியீட்டை நானே தட்டச்சுச் செய்தேன். 'முந்திய நம்பர்' என்ற கட்டத்தில் 47 என்றும், நடப்பு நம்பரில் 112 என்றும் எழுதினேன். 1943 இல் எழுதவேண்டியது. அந்த ஒரு லயத்து ஜனங்களை மட்டும் காட்டும்படி பையன் வடிகட்டினான். பட்டியல் வந்தது, ஆனால் கோணலாய் வந்தது. ஒன்றாம் காம்பராவுக்கு அடுத்தபடி பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அதன் பிறகு இரண்டு, மூன்று. பாட்டியின் ஒன்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். கட்டத்தில் உள்ளதை அது எழுத்தாகவே படிக்கிறது, ஆகையால் முதலெழுத்தைப் பார்த்து வரிசைப்படுத்துகிறது, இதை எண்ணாகப் பாவி என்று ஒரு சொல் கூட்டினால் போதும் என்றான். கூட்டினான். திரை ஒருமுறை வெறுமையாகி மீண்டது. எட்டுக்குக் கீழே ஒன்பதாம் காம்பராவில் பாட்டி, அதற்குக் கீழே, நடுவே ஒரு கோடு மட்டும் இருக்க, பத்தாம் காம்பராவில் அத்தை.